நண்பரோடு எதற்கு மல்லுக்கட்டலாம், எதை விட்டுவிடலாம்? காவிரி டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் நட்பு பெரும்பாலும் பிறந்த ஊரிலேயே அமைந்துவிடுகிறது. கூடப் படித்தவரே பக்கத்து வயல்காரர், அவரே சீட்டில் கூட்டாளி, அவர் தங்கை நம் வீட்டுக்காரம்மாவின் தோழி. பெரிய நகரத்தில் ஒருவரோடு ஒத்துப்போகவில்லை என்றால் மெல்ல ஒதுங்கிக்கொள்ளலாம். இங்கே சண்டை போட்ட மறுநாளும் ஒரே வாய்க்காலில்தான் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். அதனால் எந்தப் பேச்சை எடுப்பது, எதை விடுவது என்பது நமக்குப் பெரிய விஷயம். தெரிந்தவர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்டவற்றையும், நானே யோசித்துக்கொண்டிருந்தவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஒரு வாக்குவாதம் தேவையா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நான் இரண்டு விஷயங்களைப் பார்ப்பேன். இந்தப் பேச்சினால் இன்னும் எடுக்கப்படாத ஒரு முடிவு மாறுமா? நான் வாயை மூடிக்கொண்டால், அடுத்த வாரம் அவரோடு பழையபடி உட்கார்ந்து டீ குடிக்க என்னால் முடியுமா? முதல் கேள்விக்கு "மாறும்" என்றாலோ, இரண்டாவதற்கு "முடியாது" என்றாலோ பேசித்தான் ஆக வேண்டும். இரண்டும் இல்லையென்றால் விட்டுவிடலாம்.

"நான் சொல்வது சரிதானே?" என்பது இந்தக் கணக்கிலேயே வராது. பல நேரம் நாம் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனால் அது மட்டுமே ஒரு நண்பரை மடக்கிப் பேசக் காரணம் ஆகிவிடாது.

கடைமடையில், அதாவது வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில், நிலம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், செப்டம்பர் கடைசியில் சி.ஆர். 1009 என்ற நெல் ரகத்தை நாற்று விடப் போவதாகச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஏறக்குறைய 155 முதல் 160 நாள் பயிர். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ஆம் தேதி மூடிவிடுவார்கள். அப்படியானால் கதிர் பால் பிடிக்கிற பிப்ரவரியில் ஆற்றில் தண்ணீர் இருக்காது. போர் (ஆழ்துளைக் கிணறு) இல்லாத நிலமென்றால் பயிர் காயும். விதை நெல் மூட்டையில் இருக்கும்வரை அவரோடு தாராளமாகச் சண்டை போடலாம். குறைந்த நாள் ரகத்துக்கு மாறச் சொல்லலாம், வேளாண்மை அலுவலகத்துக்குக் கையோடு கூட்டிப் போகலாம், கோபித்துக்கொள்ளவும் செய்யலாம். நட்டு முடித்த பிறகு அதே பேச்சை எடுத்தால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. அப்போது கேட்க வேண்டியது, "தண்ணிக்கு என்ன பண்ணப் போற மாப்ள? என் போர்லேருந்து ஒரு தடவை விட்டுத் தரட்டுமா?" என்பதுதான்.

பயிர்க் காப்பீடும் இப்படித்தான். சம்பா நெல்லுக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். "அதெல்லாம் கைக்கு வராதுப்பா" என்று கட்டாமல் இருப்பவரோடு நவம்பர் முதல் வாரத்தில் வாதாடினால் அது அக்கறை. டிசம்பரில் வயல் முழுகிய பிறகு அதையே எடுத்தால் குத்திக்காட்டுவது.

டீக்கடையில் காவிரித் தண்ணீர்க் கணக்கில் தகராறு வந்துவிடுகிறது. விட்டுக்கொடுப்பதா, பேசுவதா?

விவரத்தில் தகராறு என்றால் வாதாடவே வேண்டாம், எடுத்துப் பார்த்துவிடுங்கள். ஒருவர் "நமக்கு 419 டி.எம்.சி." என்பார் (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). இன்னொருவர் "177-தான்டா" என்பார். குரல் ஏறும். உண்மையில் இருவரும் வேறு வேறு கணக்கைச் சொல்கிறார்கள். காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5-இல் தந்த இறுதித் தீர்ப்பில் தமிழ்நாட்டின் மொத்தப் பங்கு 419 டி.எம்.சி. நம் எல்லைக்குள் கிடைக்கும் தண்ணீரும் அதில் சேர்த்தி. கர்நாடகம் எல்லையில், பிலிகுண்டுலுவில், சாதாரண வருடத்தில் விட வேண்டியது 192 என்றது அந்தத் தீர்ப்பு. 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் அதில் 14.75 டி.எம்.சி. குறைத்து 177.25 ஆக்கியது. மொத்தப் பங்கும் 404.25 ஆனது. இதைத் தெரிந்துகொண்டால், மழை குறைந்த வருடத்தில் பற்றாக்குறையை இரு மாநிலங்களும் எப்படிப் பங்கிடுவது என்ற உண்மையான கேள்விக்குப் போகலாம். பேச வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் தேதியை வைத்து "ஜூன் 12-ல அணை திறந்தே ஆகணும்" என்ற பேச்சும் அப்படித்தான். 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 வரை இழுத்தது. தேதிகள் பதிவில் இருக்கின்றன, தொண்டையைக் கிழித்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் எதிரே இருப்பவர் உண்மையில் எதைப் பேசுகிறார் என்று பார்க்க வேண்டும். 2024-இல் ஆற்றை நம்பிக் குறுவை நெல் போட முடியாமல் நிலத்தைத் தரிசாக விட்டிருந்த ஒருவர் "எல்லாரும் நம்மள ஏமாத்துறானுங்க" என்று சொன்னால், அவருடைய டி.எம்.சி. கணக்கைத் திருத்துவது அந்த நேரத்துக்கு ஆகாத வேலை. அவர் தன் கஷ்டத்தைச் சொல்கிறார். கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசியல் பேச்சை முழுக்கத் தவிர்த்துவிடலாமா?

நம் ஊரில் அது நடக்காது, நடக்கவும் வேண்டாம். ஒருவர் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார் என்பதை டீக்கடையில் மாற்றிவிடலாம் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஊருக்குள் நடக்கிற காரியம் வேறு. தண்ணீர் வருவதற்கு முன் வாய்க்கால் தூர்வாரியாயிற்றா, வாரிய மண்ணை எங்கே கொட்டினார்கள் என்பதில் கட்சிக்காரரான நண்பரையே பிடித்துக் கேளுங்கள். அங்கே உங்கள் பேச்சால் ஏதாவது நகரும்.

சும்மா சுவாரஸ்யத்துக்காக விவாதிப்பது தப்பா?

தப்பே இல்லை. இருவருக்கும் அது பிடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தஞ்சைப் பெரிய கோயிலில் 2020 பிப்ரவரி 5-இல் 23 ஆண்டுகளுக்குப் பிறகு குடமுழுக்கு நடந்தது. தமிழிலா, சமஸ்கிருதத்திலா என்று அதற்கு முந்தைய மாதம் முழுக்க இங்கே பேச்சு. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போய், இரண்டு மொழிகளிலும் நடத்துவது என்று ஆயிற்று. அந்தச் சமயத்தில் பெரிய கோயில் புல்வெளியில் உட்கார்ந்து மணிக்கணக்காக வாதாடிய நண்பர்களை எனக்குத் தெரியும். கல்வெட்டு, தேவாரம், ஆகமம், ராஜராஜன் காலத்து ஓதுவார்கள் என்று ஒருவரிடமிருந்து ஒருவர் நிறையக் கற்றுக்கொண்டார்கள். கடைசிவரை ஒத்துப்போகவில்லை. அது நல்ல விவாதம். ஒருவர் மட்டும் ரசித்துக்கொண்டிருக்க, மற்றவர் எப்போது எழுந்து போகலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தால் அது விவாதம் இல்லை. எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நண்பர் ஒருவர் ஒரு சாதியைப் பற்றி மட்டமாகப் பேசினார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் பேசியிருக்க வேண்டுமா?

ஆமாம். இந்த ஒன்றில் எனக்குத் தயக்கமே கிடையாது.

அவர் மாறுவாரா மாட்டாரா என்பதை இங்கே பார்க்க வேண்டாம். அந்தக் கூட்டத்தில் அந்தப் பேச்சு யாரைக் குத்தும் என்று பாருங்கள். அவர் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். சிரிக்கவும் முடியாமல், எழுந்து போகவும் முடியாமல் இருக்கலாம். நீங்கள் பேசாமல் இருந்தால் நீங்களும் சிரித்தவர்களில் ஒருவர் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். அவர் அப்படி நினைப்பதில் தவறும் இல்லை.

1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் வைத்து எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்த ஊர் நம் நாகப்பட்டினம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்த நாளை நினைவில் வைத்திருப்பவர்கள் நம்மோடு வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். அதனால் இந்த மண்ணில் சாதிப் பேச்சை "சும்மா கிண்டலுக்குச் சொன்னது" என்று யாரும் தள்ளிவிட முடியாது.

எப்படிப் பேசுவது என்பதில் மட்டும் கொஞ்சம் யோசனை வேண்டும். அந்த இடத்தில் சின்னதாக, தெளிவாகச் சொன்னால் போதும்: "அப்படிப் பேசாத மாப்ள. எனக்குப் பிடிக்கல." பத்துப் பேர் முன்னால் நீளமாக அறிவுரை சொன்னால், சொன்ன விஷயத்தை விட்டுவிட்டு அவர் தன் மானத்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பார். மறுநாள் தனியாகப் பிடித்து முழுசாகப் பேசுங்கள். நேரமெடுத்து, அவர் எங்கிருந்து இதைக் கற்றுக்கொண்டார் என்றுகூடக் கேளுங்கள். பலருக்கு அது வீட்டில் காதில் விழுந்து ஒட்டிக்கொண்ட பேச்சு, அவர்களே உட்கார்ந்து யோசித்ததில்லை.

எத்தனை முறை சொல்லியும் மாறவில்லை என்றால் அந்த நட்பு முடியலாம். முடியட்டும். அந்தப் பேச்சால் காயப்பட்டவர் நீங்களே என்றால், அவருக்குப் பாடம் நடத்துகிற பொறுப்பு உங்களுடையது இல்லை. பேசலாம், எழுந்து போகலாம், இரண்டும் சரிதான். அங்கே இருந்த மற்றவர்கள்தான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

நண்பர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார். மறுத்தால் சண்டை வருமே?

வரட்டும், கையெழுத்துக்கு முன்னால் வரட்டும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. அவரைக் கேட்டுவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்றுகூடக் கட்டாயம் இல்லை. ஆகவே "எதுக்கு இந்தக் கடன், எதை வச்சுக் கட்டுவ, நின்னு போச்சுன்னா என்ன பண்றது" என்று மூன்றையும் முகத்துக்கு நேரே கேளுங்கள். கோபித்துக்கொண்டால் சில நாளில் சரியாகிவிடும். இரண்டு குடும்பமும் கடன்காரருக்குப் பதில் சொல்லும் நிலைமை வந்துவிட்டால் அது சுலபத்தில் சரியாகாது.

கைமாற்றுக்கு நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். திரும்பி வராவிட்டாலும் மனசு கசக்காத தொகையைத்தான் கொடுப்பது. அதற்கு மேல் என்றால் புரோநோட்டு எழுதிக்கொள்வது. அதற்கும் மூன்று வருடம்தான் ஆயுள் என்பதை ஞாபகம் வையுங்கள். "நண்பன்கிட்ட எப்படிக் கேக்குறது" என்று நான்கு வருடம் பொறுத்திருந்துவிட்டு அப்புறம் ஊரெல்லாம் புலம்புவதைவிட, இரண்டாவது வருடமே நேரில் கேட்டுவிடுவது அவருக்கும் மரியாதை.

மொய் குறைத்துச் செய்துவிட்டார். கேட்கலாமா?

கல்யாணம், காதுகுத்து என்றால் விட்டுவிடுங்கள். அவருக்கு அந்த மாதம் என்ன நெருக்கடியோ. பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் நடக்கிற மொய் விருந்து வேறு. அது ஒருவருக்கொருவர் முதல் திரட்டிக் கொடுக்கிற ஏற்பாடு, நோட்டில் கணக்கு இருக்கும், செய்ததைக் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்வது முறை. அங்கே கேட்பதில் தவறில்லை. பந்தி நடக்கும்போது வேண்டாம். நோட்டை எடுத்துக்கொண்டு வேறொரு நாள் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள்.

எங்கள் மகளிர் குழுவில் என் தோழி தவணை கட்டாமல் நிறுத்திவிட்டாள். "நீதான அவளுக்கு நெருக்கம், நீயே போய்க் கேளு" என்கிறார்கள். என்ன செய்வது?

போங்கள், ஆனால் தனியாகப் போங்கள். "ஏன்டி கட்டல?" என்று ஆரம்பிக்காமல் "என்னடி ஆச்சு?" என்று ஆரம்பியுங்கள். நடவு வேலை குறைந்திருக்கலாம், வீட்டுக்காரர் பணத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம், இன்னொரு இடத்தில் வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கலாம். காரணம் தெரிந்தால்தான் தவணையைத் தள்ளிவைப்பதா, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டச் சொல்வதா என்று குழுவில் பேச முடியும்.

பணத்தை வசூலிக்க எல்லோருமாகப் போய் அவள் வாசலில் உட்காருவோம் என்று குழு முடிவெடுத்தால், நீங்கள் வாதாட வேண்டிய இடம் குழுதான். அவமானப்பட்டு ஊரை விட்டே போன பெண்களைப் பற்றி நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். "உன் தோழிக்காகப் பேசுற" என்பார்கள். ஆமாம், தோழிக்காகத்தான் பேசுகிறேன் என்று சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. யாரோடு வாதாடுவது என்பதையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பக்கத்து வயல்காரர் சின்ன வயதிலிருந்தே நண்பர். வருஷா வருஷம் வரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி உள்ளே தள்ளுகிறார். ஒரு அடிக்காகச் சண்டை போடுவதா?

ஒரு அடி உங்களுக்குப் பெரிதில்லை என்றால் உண்மையாகவே விட்டுவிடுங்கள். அப்புறம் பத்து வருடம் மனசுக்குள் வைத்துப் புழுங்கக் கூடாது. அப்படி விட முடியாது என்று தெரிந்தால், ஆரம்பத்திலேயே பேச வேண்டும். வரப்புத் தகராறு தானாகத் தீர்வதில்லை. அப்பா காலத்தில் கேட்காமல் விட்டது பிள்ளைகள் காலத்தில் கோர்ட்டில் வந்து நிற்கும்.

ஆனால் எல்லை எங்கே என்பதை நீங்கள் இருவரும் வாதாடித் தீர்க்கவே முடியாது. புலப்படம் இருக்கிறது, சர்வேயர் இருக்கிறார், அளக்கச் சொல்லிப் பணம் கட்டி விண்ணப்பிக்கலாம். அந்த விண்ணப்பத்தை அவருக்குத் தெரியாமல் போட வேண்டாம். "ரெண்டு பேரும் சேர்ந்தே அளந்துக்குவோம் பங்காளி, நாளைக்கு நம்ம புள்ளைங்க அடிச்சுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போடுங்கள். செலவை ஆளுக்குப் பாதி போட்டுக்கொள்ளுங்கள். அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் நாளில் அளந்தால் எல்லைக் கல்லும் கண்ணுக்குத் தெரியும், பயிரும் மிதிபடாது.

தண்ணீர் முறைக்கு இதைவிட அவசரம் உண்டு. ஆற்றில் தண்ணீர் குறைந்து முறை வைத்துப் பாய்ச்சும் நாட்களில், இரவில் எழுந்து போய் அடுத்தவர் மடையை அடைத்துவிட்டு வருவது நடக்கிறது. அதை அன்று காலையே கேட்டுவிடுங்கள். தண்ணீர் விஷயத்தில் இரண்டு நாள் தாமதித்தால் பயிருக்கும் கேடு, கோபமும் முற்றிவிடும். கையில் மண்வெட்டியை வைத்துக்கொண்டு மட்டும் கேட்கப் போகாதீர்கள். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை, வயலில் கைகலப்பு அப்படித்தான் பெரிதாகிறது.

வாட்ஸ்அப் குழுவில் நண்பர் தப்பான செய்திகளாகப் போட்டுக்கொண்டே இருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் பதில் போடுவதா?

வேண்டாம். "பலமுறை பகிரப்பட்டது" என்ற குறிப்போடு வரும் செய்தியை அவர் படித்துப் பார்த்துக்கூட அனுப்பியிருக்க மாட்டார். தனியாகப் போன் பண்ணி, "நேத்துப் போட்டது தப்புண்ணே, பாத்து எடுத்துடுங்க" என்றால் பெரும்பாலும் எடுத்துவிடுவார். குழுவில் இருநூறு பேர் முன்னால் சொன்னால் எடுக்க மாட்டார்.

புயல், வெள்ளம், மருந்து இந்த மூன்றில் மட்டும் குழுவிலேயே உடனே மறுத்துவிடுங்கள். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்ததை மறக்க முடியுமா? மின்சாரம் இல்லாமல் இருட்டில் கிடந்த நாட்களில், போனில் வருகிற ஒரு வரியை நம்பித்தான் கிளம்புவதா இருப்பதா என்று ஆட்கள் முடிவெடுப்பார்கள். அந்த மாதிரி நேரத்தில் பொய்ச் செய்தி போட்ட நண்பரின் மனசு நோகுமே என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நான் ஹைட்ரோகார்பன் எதிர்ப்புப் போராட்டத்தில் இருந்தவன். என் நெருங்கிய நண்பன் எண்ணெய்க் கிணற்றில் ஒப்பந்த வேலைக்குப் போகிறான். எங்களால் இதைப் பேசவே முடியவில்லை.

இது பேசியே ஆக வேண்டிய வகை. பேசாமல் இருந்தால் உங்கள் இருவருக்கும் நடுவில் அது வளர்ந்துகொண்டே போகும்.

முதலில் எது முடிந்துபோனது, எது இன்னும் பேச்சில் இருக்கிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள். 2017-இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் நடந்த போராட்டங்களுக்குப் பிறகு, 2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டுவதை அது தடுக்கிறது. ஏற்கெனவே நடந்துவந்த கிணறுகளை நிறுத்தவில்லை. அதாவது உங்கள் போராட்டத்துக்கும் பலன் கிடைத்திருக்கிறது, அவன் வேலையும் இருக்கிறது. "நீ மண்ணை வித்துட்ட" என்று நீங்களும் "நீ எனக்குச் சோறு போடுவியா" என்று அவனும் கத்துவதில் இனி எடுக்க வேண்டிய முடிவு ஒன்றும் இல்லை.

இன்னும் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. பழைய குழாய்களில் கசிவு வந்தால் யார் முதலில் ஊருக்குச் சொல்வது, மூடிய கிணறு சரியாக மூடப்பட்டதா, வயலில் எண்ணெய் படிந்தால் இழப்பீடு எப்படிக் கேட்பது. இதிலெல்லாம் உள்ளே வேலை பார்க்கிற உங்கள் நண்பனுக்கு உங்களைவிட அதிகம் தெரியும்.

உட்காரும்போது ஒன்று செய்து பாருங்கள். அவன் தரப்பை நீங்கள் உங்கள் வாயால் சொல்லுங்கள்: நிலம் இல்லாத குடும்பம், படித்த படிப்புக்குப் பக்கத்தில் வேறு வேலை இல்லை, திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போகாமல் அம்மா பக்கத்திலேயே இருக்க வேண்டும். அவன் "ஆமாடா, அதான்" என்று சொல்கிற வரைக்கும் சொல்லுங்கள். அதற்குப் பிறகு உங்கள் தரப்பை ஆரம்பியுங்கள். கேட்பான்.

குடித்துவிட்டு வண்டியை எடுக்கிறான். அந்த நேரத்தில் வாக்குவாதம் பண்ணலாமா?

சாவியை எடுத்துக்கொள்ளுங்கள். பேச்செல்லாம் காலையில்.

நண்பர் தன் மகளுக்குக் கல்யாணம் பேசுகிறார். அவளுக்குப் படிக்க ஆசை. அடுத்தவர் குடும்ப விஷயத்தில் தலையிடலாமா?

பெண்ணுக்குப் பதினெட்டு முடியவில்லை என்றால் அது குடும்ப விஷயமே இல்லை, சட்டம் தடுத்திருக்கும் காரியம். அவரோடு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் சண்டை போடுங்கள். கேட்கவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள். நட்பு போய்விடுமோ என்று பயப்படுகிற இடம் இது இல்லை.

பதினெட்டு முடிந்த பெண் என்றால், ஒரு முறை, நிதானமாக, முழுமையாகச் சொல்லிவிடுங்கள். அவள் மார்க் என்ன, எந்தக் காலேஜ், பஸ் எது, உதவித்தொகை என்ன கிடைக்கும் என்று கையில் விவரத்தோடு போங்கள். "படிக்க வைங்க" என்று வெறுமனே சொல்வதைவிட "திருவாரூர்ல இந்தப் படிப்பு இருக்கு, விண்ணப்பம் நான் வாங்கிட்டு வரேன்" என்பதற்குத் தனி பலம் உண்டு. அதே பேச்சைப் பார்க்கும்போதெல்லாம் எடுத்தால் அவர் உங்களைத் தவிர்க்க ஆரம்பிப்பார். அப்புறம் அந்தப் பெண்ணுக்காகப் பேச அந்த வீட்டுக்குள் ஆளே இருக்காது.

"எதுக்கும் இனி அர்த்தம் இல்ல, போய்ச் சேந்துடலாம்" என்று நண்பர் பேசுகிறார். அப்படியெல்லாம் இல்லை என்று வாதாடலாமா?

வாதாட வேண்டாம். அவர் சொல்வது தவறு என்று நிரூபிக்கும் நேரம் இல்லை இது. பக்கத்தில் உட்காருங்கள், செத்துப்போகும் எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேளுங்கள், தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து டப்பாக்களை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள், இது மிக முக்கியம். 104 அல்லது 14416 உதவி எண்ணுக்கு அவரோடு சேர்ந்து போன் செய்யுங்கள். இரண்டிலும் தமிழில் பேசலாம். கடனைப் பற்றிய பேச்சை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

பேசுவது என்று முடிவெடுத்துவிட்டேன். எப்போது, எங்கே?

அவர் மனைவி, பிள்ளைகள், அவரிடம் வேலை செய்பவர்கள் இருக்கும் இடத்தில் வேண்டாம். அரசு நெல் கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டு, ஈரப்பதம் அவர்கள் வாங்கும் வரம்பான 17 சதவீதத்துக்கு மேல் போய்விடக் கூடாதே என்று தார்ப்பாயை மூடி மூடித் திறந்துகொண்டிருக்கிறவரிடம் எதையும் ஆரம்பிக்காதீர்கள். அவருக்கு நான்கு நாளாகத் தூக்கம் இருக்காது.

நடந்துகொண்டே பேசுவது நல்லது. ஆற்றங்கரையில் சாயங்காலம் பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது, முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை. கஷ்டமான வார்த்தையும் சுலபமாக வந்துவிடும். நடுவில் பேச்சு நின்றாலும் அது ஒரு மாதிரியாக இருக்காது. ஒரு விஷயத்தை மட்டும் எடுங்கள். வரப்பைப் பற்றிப் பேசப் போனால் வரப்பை மட்டும் பேசுங்கள். போன வருடம் கோயில் திருவிழாவில் அவர் சொன்னதை அதோடு சேர்க்க வேண்டாம்.

பேசப்போய்ப் பெரிய சண்டையாகிவிட்டது. இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. யார் முதலில் பேசுவது?

யாருக்கு முடிகிறதோ அவர். வயதில் மூத்தவர்தான், தப்புச் செய்தவர்தான் என்று காத்திருந்தால் வருடங்கள் ஓடிவிடும்.

அவர் வீட்டில் ஒரு துக்கம் என்றால் கூப்பிடாமலே போய்விடுங்கள். நம் பக்கத்து வழக்கமும் அதுதான். சண்டையில் இருப்பவர் வந்து நிற்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அப்படி ஒரு காரணம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. அவர் வயலில் அறுப்பு மிஷின் இறங்குகிற அன்று போய் மூட்டை பிடிக்கலாம், மிஷின் வர நேரமாகும் என்றால் கூட உட்கார்ந்திருக்கலாம். அங்கே பழைய பேச்சை எடுக்க வேண்டாம். சண்டைக்குக் காரணமான முடிவு இன்னும் பாக்கி இருக்கிறது என்றால், பேச்சுவார்த்தை பழையபடி வந்த பிறகு ஒரு நாள் மறுபடி எடுங்கள், முதல் தடவையைவிட மெதுவாக. நீங்கள் சொன்ன ஏதாவது ஒரு வார்த்தை அவரைச் சுட்டிருந்தால், அந்த வார்த்தைக்கு மட்டும் மன்னிப்புக் கேளுங்கள். உங்கள் கருத்தையே வாபஸ் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

போயும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால், ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை போய்ப் பாருங்கள். அதற்குமேல் அவர் இஷ்டம்.